பூவரச இலை டிக்கெட்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் முக்கால் மணி நேரம் போனேன். சென்னையில் ஏழு கிலோமீட்டருக்கு அவ்வளவு நேரம் ஆகிறது. அவளுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம். ஒரு மாடிக் கட்டடத்தில் குழந்தைகளுக்குப் பாவனை விளையாட்டு வகுப்பு நடக்கிறது. வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். மகள் பணம் கட்டிச் சேர்த்திருந்தாள்.

உள்ளே ஒரு குட்டி ஊரே இருந்தது. மளிகைக் கடை, ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், தோசைக் கடை எல்லாம் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்து வைத்திருந்தார்கள். பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. 38 வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தவள் நான். இப்படி ஒரு அறை கிடைக்காதா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

பேத்தி நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதோடு மளிகைக் கடைக்கு வந்து, கூடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தக்காளியை எடுத்து, அதன் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். "இதுக்குக் காய்ச்சல். வெயில்ல நின்னிருக்கு" என்றாள்.

அங்கிருந்த டீச்சர் சின்னப் பெண், நல்ல அன்பானவள். "தக்காளி கடையில இருக்கணும் செல்லம். பேஷன்ட் அங்க உக்காந்திருக்காங்க பாரு. டாக்டர் என்ன கேப்பாங்க?" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பேத்தி தக்காளியைக் கூடையில் திருப்பி வைத்தாள். டாக்டர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு வகுப்பு முடியும்வரை அவள் தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு அந்தத் தக்காளி நினைவாகவே இருந்தது. அதற்கு மருந்து கொடுத்தாளா, ஊசி போட்டாளா, அது பிழைத்ததா? ஒன்றும் தெரியாமலே போய்விட்டது.

ஐந்து வயதில் நான் கண்டக்டராக இருந்தவள். வருஷம் 1967. கல்லிடைக்குறிச்சிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற ஒரு சின்ன ஊர். ஒரு சணல் கயிற்றின் இரண்டு முனையையும் சேர்த்து முடிந்தால் பஸ் தயார். கயிற்றுக்குள்ளே முன்னால் டிரைவர், நடுவில் பயணிகள், கடைசியில் நான். தென்னை ஈர்க்குச்சியில் பூவரச இலைகளைக் கோத்து டிக்கெட் கட்டு வைத்திருப்பேன். நிஜக் கண்டக்டர் விரலை நாக்கில் தொட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பார். நானும் விரலை நாக்கில் தொட்டேன். இலைக்கு எச்சில் தேவையே இல்லை. ஆனால் அப்படித் தொடாவிட்டால் பயணிகள் டிக்கெட்டை வாங்க மாட்டார்கள். "சரியா கொடுட்டி" என்பார்கள்.

பஸ் திருநெல்வேலியில் புறப்படும். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். இதில் ஒரு ஊரை விட்டுவிட்டால் பஸ் நின்றுவிடும். ஒருநாள் நான் காருகுறிச்சியை மறந்து வீரவநல்லூருக்குப் போய்விட்டேன். "நான் காருகுறிச்சியில எறங்கணும்" என்று ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அவளுக்குக் காருகுறிச்சியில் யாரும் கிடையாது. சட்டிபானை செய்கிற அந்த ஊரை அவள் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் டிக்கெட் வாங்கியது காருகுறிச்சிக்கு. டிரைவர் யோசித்துவிட்டு, கயிற்றுக்குள்ளேயே பின்பக்கமாக நடந்து பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனான். நாங்கள் அத்தனை பேரும் பின்னாலேயே நடந்தோம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிவதற்கு முன்பே அந்த ஒன்பது ஊரும் எனக்கு வரிசை பிசகாமல் தெரியும். தலைகீழாகவும் தெரியும், பஸ் திரும்பி வர வேண்டுமே.

மூன்று வயதில் ஒரு பொடியன் எங்களோடு ஒட்டிக்கொண்டே திரிவான். ஓடத் தெரியாது, சொன்னால் கேட்கவும் மாட்டான். எல்லா ஆட்டத்திலும் அவன் ஒப்புக்குச் சப்பாணி. பஸ்ஸில் அவனை என்ன செய்வது? டிரைவர்தான் வழி சொன்னான், "அவன் லக்கேஜ்." அன்றிலிருந்து அவன் வாழைத்தார் மூட்டை. காலைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பான். பஸ் வந்ததும் இரண்டு பேர் தூக்கி உள்ளே வைப்போம். அவனுக்கும் தனியாக ஒரு இலை, லக்கேஜ் டிக்கெட். ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் இருக்காத பிள்ளை, மூட்டையாக இருக்கும்போது மட்டும் அசையாமல் இருப்பான். மூட்டை அசையக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த பஸ்ஸை அப்பா பலமுறை நிறுத்தியிருக்கிறார். "பஸ் ஓட்டுதாளாம் பஸ். உருப்படாத வெளையாட்டு" என்று கயிற்றை வாங்கிக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டுவிடுவார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாலு எழுத்துப் படித்தால் பெண் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தவர். பஸ் பயணத்தில் படிப்பு இருக்கிறது என்று அவரிடம் சொல்ல அப்போது ஊரில் யாரும் இல்லை. அம்மா வேறு மாதிரி. அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு ஒரு பனையோலைப் பெட்டி நிறைய வாங்கிக் கொடுத்தாள். அம்மி, ஆட்டுரல், திருகை, குடம், அடுப்பு எல்லாம் சுண்டுவிரல் உயரம். செங்கல்லை இடித்த தூள் மிளகாய்ப் பொடி, ஆற்று மணல் அரிசி, எருக்க இலை சாப்பாட்டுத் தட்டு. அடுப்பங்கரையில் முறுக்குப் பிழிகிற நாளில் நிஜ மாவிலேயே ஒரு உருண்டை கொடுப்பாள். அன்றைக்கு மட்டும் எங்கள் சொப்புச் சமையலுக்குக் கொஞ்சம் எண்ணெய் வாசனை வரும்.

1984-ல் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு 22 வயது. ஒரே அறை. பின்னால் ஆயா பருப்பு வேகவைப்பார், முன்னால் நானும் இருபத்தைந்து பிள்ளைகளும். முதல் மூன்று வருஷம் நான் அப்பாவாகத்தான் இருந்தேன். இதைச் சொல்ல இப்போதும் வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகள் மூலையில் கூடிக் கடை வைத்தால் போய்க் கலைத்துவிட்டு, சிலேட்டைக் கையில் கொடுத்து அ, ஆ எழுதச் சொல்வேன். சாயங்காலம் கூட்டிப்போக வரும் தாய்மார் "எம்பிள்ள எழுதுதாளா டீச்சர்?" என்றுதான் கேட்பார்கள். "இன்னிக்கு உங்க பிள்ளை மூணு பேருக்கு டீ போட்டுக் கொடுத்தா" என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

மாற்றியவன் ஒரு பையன். நாலு வயது. இரண்டு நிமிஷம் உட்கார மாட்டான், அடுத்த பிள்ளையைக் கிள்ளுவான், ஆயாவின் சேலையைப் பிடித்து இழுப்பான். எங்கள் மையத்துக்குப் பக்கத்தில் தென்காசி ரயில் பாதை, அதில் ஒரு லெவல் கிராசிங். ஒருநாள் பிள்ளைகள் வரிசையாகத் தோளைப் பிடித்து ரயில் விட்டார்கள். இவன் ஒரு குச்சியை எடுத்துக் குறுக்கே நீட்டிக்கொண்டு கேட் கீப்பராக நின்றான். ரயில் வேப்பமரத்தைச் சுற்றி, பம்பைச் சுற்றி, எங்கெங்கோ போய்விட்டது. அவன் குச்சியைத் தாழ்த்தவில்லை. நான் பக்கத்தில் போய் "வா, சாப்பிடலாம்" என்றேன். "வண்டி இன்னும் வரல டீச்சர். கேட்டத் தொறந்தா ஆள் செத்துப் போவும்" என்றான். நானும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வண்டி வந்து போன பிறகு குச்சியை உயர்த்தி, "இப்பப் போங்க" என்று எனக்கு வழி விட்டான்.

அன்றைக்கு எனக்கு அந்த வாழைத்தார் மூட்டை நினைவு வந்தது.

வெகுகாலம் கழித்து மகள் பி.எட். படித்தபோது அவளுடைய உளவியல் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ரஷ்யாவில் வைகாட்ஸ்கி என்று ஓர் அறிஞர். 1933-ல் லெனின்கிராடில் விளையாட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்திருக்கிறார். மறு வருஷமே காசநோயில் இறந்துபோனார், வயது 37. அந்தச் சொற்பொழிவு ரஷ்ய மொழியில் அச்சாவதற்கே 1966 ஆகிவிட்டது. நான் ஈர்க்குச்சியில் இலை கோத்ததற்கு ஒரு வருஷம் முன்னால். விளையாட்டு என்றால் இஷ்டம்போல் இருப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர் சொல்வது நேர் எதிர். பாவனை விளையாட்டில் எப்போதும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது, பிள்ளை தன் விருப்பத்தை அடக்கிக்கொண்டு அந்த விதிக்குக் கட்டுப்படுகிறது, அப்படிக் கட்டுப்படுவதில்தான் அதற்கு ஆனந்தம். அவர் எடுத்துக் காட்டும் உதாரணம் ஒன்றை என்னால் மறக்க முடியாது. ஏழும் ஐந்தும் வயதான அக்காளும் தங்கையும் "அக்கா தங்கச்சி வெளையாட்டு" விளையாடுகிறார்கள். அவர்கள் நிஜத்திலேயே அக்கா தங்கைதான். மற்ற நேரத்தில் அதைப் பற்றி அவர்களுக்கு ஒரு நினைப்பும் கிடையாது. விளையாட்டில்தான் ஒரே மாதிரி உடுத்துகிறார்கள், கை கோத்து நடக்கிறார்கள், அக்கா என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கிறார்கள்.

அவருடைய வழியில் வந்த மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் 1948-ல் ஒரு சோதனையை எழுதியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளைச் சும்மா அசையாமல் நில் என்றால் கொஞ்ச நேரம்தான் நின்றார்கள். நீ காவல்காரன், காவல் காக்கிறாய் என்று சொல்லி நிறுத்தினால் அதைவிட வெகுநேரம் நின்றார்கள். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த கேட் கீப்பரை முந்தி எத்தனை முறை காதைத் திருகி உட்காரவைத்தேன்! அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தால் போதும்.

சுவிட்சர்லாந்தில் பியாஜே என்பவர் தன் பிள்ளைகளையே பார்த்துப் பார்த்துக் குறிப்பு எழுதினாராம். ஒன்றேகால் வயது மகள் ஒரு துணியின் ஓரத்தைப் பிடித்து, விரலைச் சூப்பிக்கொண்டு, அதுதான் தலையணை என்று படுத்து, தூங்குவதுபோல் அவ்வப்போது கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். இது தலையணை இல்லை என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தேதான் படுத்திருக்கிறாள் என்பதற்கு அந்தச் சிரிப்பே சாட்சி. என் மகள் அந்த வயதில் என்னென்ன செய்தாள் என்று நான் எழுதி வைக்கவில்லை. காலையில் எட்டரைக்கு வேறு பிள்ளைகளைப் பார்க்கப் போய்விடுவேன்.

இந்த விளையாட்டில் நான் கண்ட இன்னொன்று உண்டு. 90-களின் நடுவில் ஒரு பையன் வந்தான். வீட்டில் தகப்பனுக்குக் குடி. ஒருநாள் மூலையில் நாலைந்து பேர் வீடு கட்டி விளையாடினார்கள், வீடு என்பது இரண்டு பாய். இவன்தான் அப்பா. தள்ளாடிக்கொண்டு வந்து பாயை உதைத்தான், அம்மாவாக இருந்த பெண்ணை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு போனான். ஆயா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, எட்டும் தூரத்தில் போய் நின்றுகொண்டேன். ஓங்கிய கை கீழே வரவில்லை. அந்தப் பெண் பயப்படவும் இல்லை. "கஞ்சி இருக்கு. குடிச்சிட்டுப் படுங்க" என்றாள். மறுநாளும் அதே விளையாட்டு, அதே தள்ளாட்டம். மூன்றாம் நாள் அவன் அப்பா வேடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்தான். "நீ யாருல?" என்று கேட்டார்கள். "நான் ஆச்சி. அவனை உள்ள விட மாட்டேன்" என்றான்.

அவன் வீட்டில் ஆச்சி கிடையாது.

அந்தக் குடும்பம் பிறகு ஊரைவிட்டுப் போய்விட்டது. அவன் என்ன ஆனான் என்று தெரியாது. அந்த மூன்று நாளில் அவனுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. அன்று ஆயாவை நிறுத்தினேனே, என் 38 வருஷ வேலையில் உருப்படியாகச் செய்தவற்றில் ஒன்றாக அதை நினைத்துக்கொள்கிறேன்.

மணலில் சிறுமிகள் கட்டும் வீட்டுக்குச் சிற்றில் என்று நம்மிடம் பேரே உண்டு. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் எட்டாவது சிற்றில் பருவம். பாட்டுடைத் தலைவனிடம் சிறுமிகள், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கெஞ்சுகிறார்கள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுக்க ஆண்டாளின் வேண்டுதல் இதுதான். கலித்தொகையிலும் மணல் வீட்டைக் காலால் கலைக்கிற ஒருவன் வருகிறான். புலவர்கள் இதில் காதலையும் பக்தியையும் வைத்துப் பாடினார்கள், அது அவர்கள் காரியம். எனக்கு அதில் தெரிவது வேறு. தெய்வமே எதிரில் வந்து நின்றாலும் அந்தப் பெண்களுக்கு முதல் கவலை மணல் வீடு. இத்தனை நூற்றாண்டாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது காலம் திரும்பியிருக்கிறது, அதில் எனக்கு முழு மகிழ்ச்சி. எங்கள் அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயதுவரை விளையாட்டு வழியாகவே கற்றல் என்கிறது. அப்பா கிணற்றடியில் போட்ட கயிற்றை அரசாங்கமே எடுத்துக் கையில் கொடுத்தது போல. அதே வருஷம் கொரோனாவில் மையத்தைப் பூட்டிவிட்டு, வீடு வீடாகச் சத்துமாவு கொடுக்கப் போனேன். ஒரு தெருவில் பிள்ளைகள் ஆலிலையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி புளியங்காயை ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேரே நீட்டி, "உனக்கு இல்ல, நீ உள்ள போ. உனக்கு இருக்கு, ஆம்புலன்ஸ் வருது" என்றாள். நாங்கள் பெரியவர்கள் பயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிடந்த நாட்கள் அவை. அவர்கள் அதைத் தெருவில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மகள் இன்னொன்றும் சொன்னாள். ஏஞ்சலின் லில்லார்டு என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 2013-ல், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்து அலசிப் பார்த்தார்களாம். பாவனை விளையாட்டு அறிவைக் கூட்டும், கற்பனையை வளர்க்கும் என்று அடித்துச் சொல்லுமளவுக்கு ஆதாரம் இல்லை, மொழியிலும் கதை சொல்வதிலும் தொடர்பு இருக்கலாம், அதையும் இன்னும் நன்றாகச் சோதிக்க வேண்டும் என்று எழுதினார்களாம். மாண்டிசோரி அம்மையாரும் இந்தப் பாவனைக்கு ஆதரவாக இருந்தவர் இல்லை. 1939-ல் அடையாறுக்கு வந்து, போரினால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பொம்மை அடுப்பைவிட நிஜக் காய்கறியையும் நிஜத் துடைப்பத்தையும் பிள்ளை விரும்பும் என்றார். அம்மா கொடுத்த முறுக்கு மாவு உருண்டையை நினைத்தால் அதுவும் உண்மைதான். ஆனால் நிஜத் துடைப்பத்தைக் கொடுத்த உடனே என் பிள்ளைகள் "நான் ஆயா, நீ எந்திரி, அங்க பெருக்கணும்" என்று ஆரம்பித்துவிடுவார்களே.

புத்தி வளர்கிறதா இல்லையா என்பதை அளந்து பார்க்கிறவர்கள் அளக்கட்டும், அது வேண்டிய வேலை. ஆனால் டானிக் மாதிரி வாரம் ஒரு வேளை ஊற்றிக் கொடுக்கிற சரக்காக இதை நாம் ஆக்கும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. காருகுறிச்சியில் இறங்க வேண்டிய பெண்ணுக்காக பஸ்ஸைப் பின்னால் நடத்தியது எங்கள் முடிவு. பொடியனை லக்கேஜாக்கியது எங்கள் முடிவு. அதையெல்லாம் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி முடிவு செய்ய எங்களுக்கு ஒரு மதியம் முழுக்க இருந்தது. பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லை. பேத்திக்கு ஒன்றரை மணி நேரம், அதில் டாக்டருக்கு இருபது நிமிஷம், என்ன கேட்க வேண்டும் என்பது முன்பே எழுதியது. அந்த டீச்சர் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவளையும் சாயங்காலம் யாரோ "எம்பிள்ள என்ன கத்துக்கிட்டா?" என்று கேட்பார்கள்.

மகளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. "தெருவில விட முடியாதும்மா, வண்டி வருது. ஃபிளாட்டுல இவ வயசுல ஒரு பிள்ளையும் இல்ல. நான் என்ன செய்ய?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது கீழ்த் தளத்தில் குடியிருக்கிற வாட்ச்மேன் வீட்டுப் பையனையும், மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்த இரட்டைப் பிள்ளைகளையும் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சொப்புப் பெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன். திருகையின் கைப்பிடி போய்விட்டது, மற்றதெல்லாம் இருக்கிறது.

நேற்று அவள் தனியாகவே சாப்பாட்டு மேஜை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் கட்டியிருந்தாள். டி.வி. ரிமோட்தான் டிக்கெட் மெஷின். என் வீட்டுக்காரர் முதல் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். நான் ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன்.

"எங்க போணும்?"

"காருகுறிச்சி."

யோசித்தாள். "அது எங்க இருக்கு ஆச்சி?"

"வீரவநல்லூருக்கு முந்தின ஸ்டாப்பு."

"சரி." ரிமோட்டில் நாலு பட்டனை அழுத்தினாள். இல்லாத டிக்கெட்டைக் கிழித்து என் உள்ளங்கையில் வைத்தாள். அதற்கு முன்னால் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டாளா என்று பார்த்தேன், இல்லை. சில்லறை எடுக்கப் பையில் கைவிடுவது போல நான் பாவனை செய்தேன். என் கையைத் தடுத்தாள்.

"லேடீஸுக்கு ஃப்ரீ ஆச்சி. தாத்தாதான் காசு கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவருடைய பேப்பரைத் தட்டினாள்.